மணிலா அகத்தி: தண்டிலேயே முடிச்சு போடும் ஆப்பிரிக்கச் செடி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பசுந்தாள் உரத்துக்காக, அதாவது பச்சையாகவே மண்ணில் மடக்கி உழுவதற்காக, மணிலா அகத்தி விதைப்பவர்கள், தாவரவியல் படிக்கும் மாணவர்கள், வயலோரம் இந்தச் செடியைப் பார்த்து வியந்தவர்கள் என்று பலரும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். எளியதில் தொடங்கி, போகப்போகச் சிக்கலான கேள்விகள் வரும்.

1. மணிலான்னு பேர் இருக்கே, பிலிப்பைன்ஸ் செடியா?

இல்லை. இது ஆப்பிரிக்கச் செடி. அறிவியல் பெயர் செஸ்பேனியா ரோஸ்ட்ரேட்டா. 1935-இல் பிரெமெகாம்ப், ஓபர்மேயர் என்ற இரு தாவரவியலாளர்கள் இதை விவரித்துப் பெயரிட்டார்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1980-களில் இதைப் பற்றி நிறைய ஆய்வு நடந்தது. செடியின் பூர்வீகத்துக்கும் மணிலாவுக்கும் அதற்கு மேல் தொடர்பு இல்லை.

2. அப்போ காட்டுல எங்கே வளருது?

சகாராவுக்குத் தெற்கே செனகல், மொரிட்டானியா, மாலி, நைஜர், சாட், சூடான் என்று நீளும் சஹேல் பட்டையிலும், தான்சானியா, மலாவி, ஜாம்பியா, ஜிம்பாப்வே, போட்ஸ்வானா, நமீபியாவின் வடபகுதி, மடகாஸ்கர் ஆகிய இடங்களிலும் இயற்கையாக வளர்கிறது. வரைபடத்தில் பார்த்தால் பாதிக்கு மேல் வறண்ட நாடுகள். ஆனால் இது வறட்சிச் செடி என்று அதிலிருந்து முடிவு செய்துவிடக் கூடாது. அந்த நாடுகளில் மழைக்காலத்தில் மட்டும் நீர் தேங்கும் பள்ளங்கள், ஆற்றின் வெள்ளப் படுகை, குட்டைகளின் சேற்று விளிம்பு, களிமண் தாழ்நிலம் ஆகியவைதான் இதன் வீடு. ஓரைசா பார்த்தி போன்ற ஆப்பிரிக்கக் காட்டு நெல் முளைக்கும் அதே வகைக் குட்டைகள் அவை.

செனகலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மழை ஜூன், ஜூலையில் தொடங்கி அக்டோபரில் ஓய்கிறது. முதல் மழையில் விதை முளைக்கிறது. நீர் ஏறுவதற்குள் செடி தலைதூக்கிவிட வேண்டும். இரண்டு மூன்று மாதம் அடித்தண்டு நீரில் நிற்கிறது. பகல் குறையும்போது பூத்து, நீர் வற்றும்போது காய் முற்றி, செடி காய்ந்துபோகிறது. பிறகு ஏழெட்டு மாதம் விதை, காய்ந்து வெடித்த களிமண்ணில் கிடக்கிறது. இந்த ஒரு வருடச் சுழற்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

3. செடியை எப்படி அடையாளம் தெரிஞ்சுக்கிறது?

நிமிர்ந்து வளரும் செடி. 1 முதல் 3 மீட்டர் உயரம் வரும். தண்டு வெளியே உறுதியாகவும் உள்ளே மென்மையான சோற்றுப் பகுதியோடும் இருக்கும். இளம் பகுதிகளில் மெல்லிய மயிர்கள் உண்டு, முட்கள் கிடையாது. இலை அகத்தியைப் போன்ற கூட்டிலை: நுனியில் ஒற்றைச் சிற்றிலை இல்லாமல் இணை இணையாக, பெரும்பாலும் 12 முதல் 24 இணைகள். பூங்கொத்து சிறியது, இலைக்கக்கத்தில் வரும். பூ மஞ்சள், சில செடிகளில் ஆரஞ்சு சாயல். மேல் இதழின் வெளிப்புறத்தில் செம்பழுப்புப் புள்ளிகள் தெறித்தது போலிருக்கும். அவரைக் குடும்பத்துக்குரிய கொடி இதழ், சிறகு இதழ்கள், படகு இதழ்கள் என்ற அமைப்பு. மகரந்தத் தாள்கள் பத்து. ஒன்பது இணைந்தும் ஒன்று தனித்தும் இருக்கும்.

காய் மிக ஒல்லியாக, 20 சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டு, முனையில் 2, 3 சென்டிமீட்டர் அலகோடு முடியும். ஒரு காயில் 50 விதை வரை இருக்கலாம். விதை கரும்பழுப்பு, சுமார் 3 மில்லிமீட்டர் நீளம்.

இத்தனையையும் நினைவில் வைக்க முடியாவிட்டால் தண்டை மட்டும் பாருங்கள். கீழிருந்து மேல்வரை நேர் வரிசைகளாகச் சிறு புள்ளிகள் மேடிட்டிருந்தால் அது மணிலா அகத்திதான்.

4. தண்டு முழுக்க பொரிப்பொரியா இருக்கே, இது நோயா? பூச்சி முட்டையா?

இரண்டும் இல்லை. அந்தப் புள்ளிகள் உறங்கும் வேர் முளைகள். செடி வளரும்போதே தண்டின் நீளத்துக்கு மூன்று நான்கு வரிசைகளில் இவை உருவாகின்றன. ஒவ்வொரு முளையும் தண்டின் மேல்தோலைச் சற்றே கிழித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். முளையைச் சுற்றி வட்டமாக ஒரு மெல்லிய வெடிப்பு இருக்கும்.

நீர் ஏறி அந்த இடம் மூழ்கினால் முளை வேராக நீளும். அதாவது வெள்ளம் எந்த உயரத்துக்கு வந்தாலும் அந்த உயரத்தில் புது வேர் விட செடி முன்கூட்டியே தயாராக இருக்கிறது. மூழ்காத இடத்தில், உரிய பாக்டீரியா அந்த வெடிப்புக்குள் நுழைந்தால், அதே முளையின் அடியில் நைட்ரஜன் முடிச்சு உருவாகும். பாக்டீரியா உள்ளே தங்கி, காற்றின் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் சிறு வீக்கம்தான் முடிச்சு. இரண்டும் நடக்காவிட்டால் புள்ளி புள்ளியாகவே இருக்கும். பூச்சி முட்டையாக இருந்தால் நகத்தால் சுரண்டியதும் வந்துவிடும், இவை வராது. நோய்க் கொப்புளம் இப்படி நேர்கோட்டில் வருவதுமில்லை.

5. முடிச்சுன்னா வேர்லதானே இருக்கணும்? தண்டுல எப்படி?

பெரும்பாலான பயறு வகைகளில் வேரில் மட்டும்தான். தண்டிலும் போடுபவை மிகச் சில. நம் குளங்களில் வளரும் நெட்டியின் இனத்திலும் நீர்ச்சுண்டியிலும் அப்படி உண்டு. எல்லாமே நீரில் நிற்பவை அல்லது மிதப்பவை என்பதைக் கவனியுங்கள். நீரில் மூழ்கிய சேற்றில் ஆக்சிஜன் மிகக் குறைவு. வேர் முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா மூச்சுவிடவே திணறும் இடம் அது. முடிச்சைத் தண்டுக்கு ஏற்றிக்கொண்டால் காற்றும் வெளிச்சமும் நேராகக் கிடைக்கின்றன.

மணிலா அகத்தியில் வேர் முடிச்சும் உண்டு, தண்டு முடிச்சும் உண்டு. தண்டில் முடிச்சு உண்டாக்கும் பாக்டீரியாவை, செனகலின் தலைநகர் டாக்கரில் பணிபுரிந்த ட்ரைஃபுஸ், டொம்மெர்க் இருவரும் 1981-இல் அறிவித்தார்கள். 1988-இல் அது தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டு அசோரைசோபியம் காலினோடன்ஸ் என்ற பெயர் பெற்றது.

6. முடிச்சு பச்சையா இருக்கு, வேர்க்கடலை முடிச்சு மாதிரி இளஞ்சிவப்பா இல்லையே?

வெளிப்புறம் பச்சையாகத்தான் இருக்க வேண்டும். தண்டு முடிச்சின் புறத்திசுவில் பச்சையம் உண்டு; அதுவும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. உள்ளே பார்க்க பிளேடால் குறுக்கே நறுக்குங்கள். நடுப்பகுதி சிவப்பாகவோ அடர் இளஞ்சிவப்பாகவோ இருந்தால் லெக்ஹீமோகுளோபின் (முடிச்சுக்குள் ஆக்சிஜனைக் கடத்தும் சிவப்புப் புரதம்) இருக்கிறது, முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் முதிரவில்லை அல்லது தவறான பாக்டீரியா. பழுப்பாகக் குழைந்திருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

7. தக்கைப்பூண்டு, சித்தகத்தி, சீமை அகத்தி எல்லாம் ஒண்ணுதானா?

எல்லாம் செஸ்பேனியா பேரினம், ஆனால் தனித்தனி இனங்கள். தக்கைப்பூண்டின் தண்டிலும் இலைக்காம்பிலும் சிறு முட்கள் கைக்குத் தட்டுப்படும். தண்டில் புள்ளி வரிசை இருக்காது. சித்தகத்தி பல ஆண்டு நிற்கும் சிறு மரம். அகத்திக்கீரை தரும் அகத்தி பெரிய பூவுடைய மரம், அதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை. சீமை அகத்தியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். இளம் செடியாக இருக்கும்போது மணிலா அகத்தியோடு இதுதான் அதிகம் குழப்பும். அப்போதும் தண்டின் புள்ளி வரிசையைத்தான் நம்ப வேண்டும் (கேள்வி 4).

8. விதை போட்டு பத்து நாள் ஆச்சு, பாதிகூட முளைக்கல. விதை கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் கெட்டிருக்காது. கேள்வி 2-இல் சொன்ன ஏழெட்டு மாத வறட்சியைத் தாங்கத்தான் விதையுறை நீர் புகாதபடி கடினமாக இருக்கிறது. ஒரே மழையில் எல்லா விதையும் முளைத்து, அடுத்து மழை ஏமாற்றினால் காட்டில் அந்த இனமே அங்கு அழிந்துவிடும். சில விதை இந்த ஆண்டு, சில அடுத்த ஆண்டு என்று முளைப்பது காட்டுச் செடியின் பாதுகாப்பு. வயலில் அதுவே இடைஞ்சல்.

முதலில் சோதியுங்கள். 50 விதையை இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் உப்பியவை எத்தனை, கல்போல் கிடப்பவை எத்தனை என்று எண்ணுங்கள். கல்போல் கிடப்பவை பாதிக்கு மேல் இருந்தால் விதைநேர்த்தி தேவை. சிறு அளவுக்கு வெந்நீர் போதும்: கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, விதை மேல் ஊற்றி, அப்படியே ஆறவிட்டு இரவு முழுக்க வைத்து மறுநாள் விதைக்கலாம். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டால் முளை வெந்துவிடும். கரடுமுரடான மணலோடு சேர்த்துத் தேய்ப்பதும் ஓரளவு உதவும்.

9. ஆசிட் நேர்த்தி செய்யச் சொல்றாங்களே, அது எப்படி?

கிலோ விதைக்கு அடர் கந்தக அமிலம் 100 மில்லி, 15 நிமிடம், பிறகு நல்ல நீரில் 10, 15 நிமிடம் பலமுறை கழுவுவது என்பது வழக்கமான அளவு. விதை முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் அமிலம் சூடேறி விதையை வேகவைத்துவிடும். உலோகப் பாத்திரம் கூடாது. மண்சட்டி, கண்ணாடி, தடித்த பிளாஸ்டிக் வாளி சரி. மரக்குச்சியால் கிளறுங்கள். நேரம் முடிந்ததும் அமிலத்தை முடிந்தவரை வடித்துவிட்டு, விதையை நிறைய நீருக்குள் ஒரேயடியாகக் கொட்டுங்கள். அமிலம் ஒட்டிய விதை மேல் கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஊற்றினால் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் கையுறையும் இல்லாமல் செய்யவே வேண்டாம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் இதைவிட வெந்நீரே மேல்.

விதையின் வயதைப் பொறுத்து உறையின் கடினம் மாறும். அதனால் முழு மூட்டையையும் போடுவதற்கு முன் ஒரு கைப்பிடி போட்டுப் பாருங்கள். நேர்த்தி செய்த விதையை உடனே விதைத்துவிட வேண்டும். திரும்பச் சேமிக்க முடியாது.

10. கார்த்திகையில விதைச்சேன், முழங்கால் உயரத்துலயே பூத்துடுச்சு. ஏன்?

பகல் நீளம்தான் காரணம். மணிலா அகத்தி குறும்பகல் செடி. பகல் ஏறத்தாழ 12 முதல் 12.5 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் வயதைப் பார்க்காமல் பூக்கத் தொடங்கிவிடும். பூ வந்தால் உயரமும் தழையும் அத்தோடு மட்டுப்படும். சென்னையில் மிக நீண்ட பகல் 13 மணிக்குச் சற்றுக் குறைவு, மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். கன்னியாகுமரியில் இந்த வேறுபாடு இன்னும் சிறியது. ஆகவே இங்கே செடிக்குக் கிடைக்கும் நீண்ட பகல் காலமே குறுகியது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பலரும் தவறவிடுவது இதைத்தான். செனகலில் மழையும் நீண்ட பகலும் ஒரே சமயத்தில் வருகின்றன. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில், அதாவது பகல் சுருங்கிய பிறகு வருகிறது. செடிக்குப் பிடித்த ஈரமும் பிடித்த வெளிச்சமும் இங்கே பிரிந்து நிற்கின்றன. மழையை நம்பி விதைத்தால் குட்டையாகப் பூக்கும். சித்திரை முதல் ஆடிக்குள் விதைத்தால் நீர் நாம்தான் கொடுக்க வேண்டும். ஆனி, ஆடியில் விதைத்து சம்பா நடவுக்கு முன் மடக்கி உழுவது நன்றாகப் பொருந்தும். குளிர் மாதங்களில் விதைக்கத்தான் வேண்டுமென்றால் பகல் நீளத்துக்கு அவ்வளவு கட்டுப்படாத வேறு பசுந்தாள் பயிரைத் தேர்ந்தெடுங்கள்.

11. எவ்வளவு விதை? எப்போ மடக்கி உழணும்?

பசுந்தாளுக்கு ஏக்கருக்கு சுமார் 16 கிலோ. 45 முதல் 55 நாளில், பூக்கும் முன், தண்டு நகத்தால் கிள்ளினால் கிள்ளுப்படும் பதத்தில் உழ வேண்டும். தாமதித்தால் அடித்தண்டு நாராகி, சேற்றில் மட்குவதற்கு நாளாகும். நடவின்போது காலில் குத்தும். உழுதபின் நீர் கட்டி ஒரு வாரம், பத்து நாள் விட்டு நடவு செய்யலாம்.

12. வயல்ல தண்ணி நின்னா அழுகிடாதா?

முளைத்து ஒரு சாண் வளரும் வரை தேங்கும் நீர் ஆபத்துதான். நாற்று முழுதாக மூழ்கினால் அழுகிவிடும். அந்தப் பருவத்தில் ஈரம் மட்டும் போதும். அதன் பிறகு நீர் நின்றால் கவலை இல்லை. மூழ்கிய அடித்தண்டு பஞ்சுபோல் தடிக்கும். உள்ளே காற்றறைகள் உருவாகி மேலிருந்து வேருக்குக் காற்றைக் கடத்தும். உறங்கிய வேர் முளைகளும் விழித்துக்கொள்ளும். அடித்தண்டு வெள்ளையாக வீங்கி, அதிலிருந்து தாடிபோல் வேர் தொங்கினால் நோய் என்று மருந்து அடிக்க வேண்டாம்.

13. புள்ளி இருக்கு, ஆனா முடிச்சே வரல. என்ன செய்யறது?

செடியிடம் குறை இல்லை, பாக்டீரியா அங்கே இல்லை. அசோரைசோபியம் தனக்கென்று ஒரே ஒரு முக்கிய ஓம்புயிர்ச் செடியை (தங்க இடம் கொடுக்கும் செடியை) வைத்திருக்கும் இனம். மணிலா அகத்தி முன்பு வளராத நிலத்தில் அது இருக்க வாய்ப்புக் குறைவு. தக்கைப்பூண்டு வளர்ந்த நிலத்து ரைசோபியம் (வேரில் முடிச்சு போடும் பாக்டீரியா) இதன் வேரில் முடிச்சுப் போடலாம், தண்டில் போடாது.

திரவக் கலவை கிடைத்தால் விதைத்த 25, 30 நாளில் தண்டு நனையத் தெளிக்கலாம். கிடைக்காவிட்டால், முடிச்சுள்ள செடிகளிலிருந்து ஒரு கைப்பிடி நல்ல முடிச்சுகளைப் பறித்துக் கழுவி, அம்மியில் அரைத்து, 10 லிட்டர் குளோரின் கலக்காத நீரில் கரைத்து, துணியில் வடிகட்டித் தெளிக்கலாம். வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள். பூஞ்சாணக் கொல்லிக்குப் பயன்படுத்திய தெளிப்பான் வேண்டாம். ஒரு வாரத்தில் புள்ளிகள் பருக்கத் தொடங்கும். செடி மேலே வளர வளரப் புதிய புள்ளிகள் வருவதால், 10, 15 நாள் கழித்து இன்னொரு முறை தெளிப்பது பலன் தரும்.

14. யூரியா போட்ட வயல்ல முடிச்சு வராதுன்னு சொல்றாங்களே?

வேர் முடிச்சுக்கு அது பெரும்பாலும் உண்மை. மண்ணில் நைட்ரஜன் தாராளமாக இருந்தால் வேரில் முடிச்சு குறையும். தண்டு முடிச்சு மண்ணிலிருந்து விலகி இருப்பதால் அந்தத் தடை மிகக் குறைவு. மண்ணில் நைட்ரஜன் இருக்கும்போதும் காற்றிலிருந்து பிடிப்பதைத் தண்டு முடிச்சு தொடர்கிறது. இந்தச் செடி ஆய்வாளர்களை ஈர்த்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்காக யூரியா போட்டு வளர்க்க வேண்டும் என்று பொருளில்லை. பசுந்தாள் பயிருக்கு அது வீண் செலவு.

15. அகத்திக்கீரை மாதிரி சமைக்கலாமா?

வேண்டாம். இது உரத்துக்காக வளர்க்கப்படும் செடி. பேரினம் ஒன்று என்பதால் உண்ணத்தக்கது என்று கொள்ள முடியாது. அமெரிக்கக் கண்டத்தின் செஸ்பேனியா இனங்களில் சில, குறிப்பாகப் புனிசியா, ட்ரம்மொண்டி ஆகியவை, கால்நடைகளைக் கொல்லும் அளவுக்கு நஞ்சுள்ளவை. கீரைக்கு அகத்தி இருக்கிறது.

16. விதை இல்லாம குச்சி நட்டு வளர்க்க முடியுமா?

முடியும். முதிர்ந்த செடியின் கீழ்ப்பகுதியிலிருந்து ஓர் அடி நீளத் துண்டுகள் வெட்டி, மேல் கீழ் மாறாமல், பாதி நீளம் சேற்றில் இருக்கும்படி சாய்த்து நடுங்கள். உறங்கும் வேர் முளைகள் ஏற்கெனவே இருப்பதால் சில நாளிலேயே வேர் இறங்கிவிடும். விதை குறைவாக இருக்கும்போது வரப்போரம் தாய்ச்செடி வைத்துக்கொள்ள இது நல்ல வழி. ஏக்கர் கணக்கில் செய்ய ஆள் கூலி கட்டுப்படியாகாது.

17. சொந்தமா விதை எடுக்கணும்னா?

இங்கே கேள்வி 10-இன் தொல்லையே உதவியாகிவிடுகிறது. ஆடி இறுதி, ஆவணியில் விதைத்தால் செடி ஓரளவு வளர்ந்தபின் பகல் குறைந்து தானே பூக்கும். பசுந்தாளைவிட மிக அகலமான இடைவெளி கொடுங்கள். நெருக்கினால் அடிக்காய்கள் பிடிக்காது. காய்கள் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை. பழுப்பேறியவற்றை இரண்டு மூன்று தடவையாகப் பறியுங்கள். முழுதாகக் காயும்வரை விட்டால் வெடித்துச் சிந்தும். சிந்திய விதை, கேள்வி 8-இல் சொன்ன காரணத்தால், பல பருவம் மண்ணில் கிடந்து நெல்லுக்கு நடுவே முளைக்கும். அதன் தாயகத்திலேயே நெல் வயல்களில் இது களையாகவும் வருகிறது.

18. நூற்புழுவுக்கு நல்லதுன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

நெல் வேரைத் தாக்கும் ஹிர்ஷ்மானியெல்லா ஒரைசே என்ற நூற்புழு விஷயத்தில் உண்மை. செனகலில் 1980-களின் தொடக்கத்தில் நடந்த சோதனைகளில், இந்த நூற்புழு மணிலா அகத்தியின் வேருக்குள் நுழைந்தும் அங்கே பெருக முடியாமல் போவது தெரிந்தது. பொறிப்பயிராக வேலை செய்கிறது. எல்லா நூற்புழுவுக்கும் இதே பலன் என்று நீட்டிக்கொள்ளக் கூடாது.

19. அப்போ தக்கைப்பூண்டை விட்டுட்டு இதுக்கு மாறிடலாமா?

நிலத்தைப் பொறுத்தது. நீர் தேங்கும் வயல், நீண்ட பகல் மாதம், பாக்டீரியாவும் கையில் இருக்கிறது என்றால் மணிலா அகத்தி முந்தும். களர் நிலம், நிச்சயமில்லாத பாசனம், மழைக்கால விதைப்பு என்றால் தக்கைப்பூண்டுதான் நம்பகமானது. தண்டு முடிச்சு இல்லாத மணிலா அகத்தியை வளர்ப்பதில், தக்கைப்பூண்டைவிடப் பெரிய லாபம் எதுவும் இல்லை என்பதே எங்கள் கருத்து.

20. இந்த பாக்டீரியாவை நெல்லுக்கே தெளிச்சா நெல்லுல முடிச்சு வருமா?

வராது. அசோரைசோபியம் வேர்த்தூவி வழியாக மட்டுமன்றி, பக்கவேர் பிளந்து வெளிவரும் இடத்து வெடிப்பு வழியாகவும் நுழையக்கூடியது. அதனால் நெல், கோதுமை வேர்களின் வெடிப்புகளுக்குள்ளும் அது புகுந்து தங்குவதை ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். செடிக்கு வெளியே தனியாக இருக்கும்போதும் நைட்ரஜனைப் பிடிக்கும் திறன் இதற்கு உண்டு என்பதால் ஆர்வம் இன்னும் கூடியது. ஆனால் முடிச்சு என்பது பாக்டீரியா மட்டும் கட்டும் வீடல்ல. அதன் சமிக்ஞையைப் புரிந்து, திசுவைப் பெருக்கி, சர்க்கரை கொடுத்து, ஆக்சிஜனை அளந்து விடும் வேலையைச் செடி செய்ய வேண்டும். மணிலா அகத்தி அதைச் செய்கிறது, நெல் செய்வதில்லை. நெல்லுக்கு இதன் பலன் சேர வேண்டுமானால் இப்போதைக்குச் செடியை வளர்த்து மடக்கி உழுவதுதான் வழி.